நீரால் நாட்டிய வெற்றித் தூண்

திருச்சிற்றம்பலம்



ஐப்பசித் திங்களின் நிறைமதி நாளாகிய இன்று சிவாலயங்கள் தோறும் பெருமானுக்கு அன்னாபிஷேகம் நிகழ்கின்றது. பாலும் தேனும் இளநீரும் ஏற்கின்ற திருமேனி இன்று வெந்த சோற்றை ஏற்று, பாணத்தின் உச்சி முதல் ஆவுடையாரின் விளிம்பு வரை வெண்மலைபோல் விளங்குகின்றது. பின்னர் அச்சோறு அடியார்க்குப் பிரசாதமாகின்றது. பாணத்தின்மேல் சாத்திய அன்னத்தை நீர்நிலையிற் கரைத்து, அங்கு வாழும் மீன் முதலிய உயிர்களுக்கு அளிப்பது மரபு. ஆண்டவனில் தொடங்கி அடியவர் வழியாக மீன் வரையில் செல்லும் விருந்து இது.

இவ்விருந்துக்கு மூலப்பொருள் எது? சோறு என்பீர்கள். சோறு நெல்லிலிருந்து வந்தது. நெல் நீரால் விளைந்தது. மழையாகப் பெய்த நீரையும் ஆறாக ஓடிய நீரையும் நாம் வேண்டும்போது தருவதற்காகத் தாங்கிக்கொண்டிருப்பது ஏரி. ஆகவே அன்னாபிஷேகத்தைத் தரிசிக்கின்ற கண், அதற்குப் பின்னால் நிற்கும் ஏரியையும் காணவேண்டும். இந்நன்னாளில் ஓர் ஏரியையும், அவ்வேரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரையும், அச்சிற்றூரில் எழுந்தருளியுள்ள பெருமானையும் பற்றிச் சிந்திக்க விழைகின்றேன்.

கும்பகோணத்திலிருந்து சென்னையை நோக்கிச் செல்லும் பெருவழியில், அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து சிறிது தொலைவு வடக்கே சென்றால், வயல்களுக்கும் முந்திரித் தோப்புகளுக்கும் மேலாக ஒரு விமானம் தோன்றும். அதுவே கங்கைகொண்ட சோழீச்சரம். ஊரின் பெயர் கங்கைகொண்ட சோழபுரம். இன்று அது அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்தில் சில தெருக்களே கொண்ட ஒரு கிராமம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரோ கடல் கடந்த நாடுகளும் பெயர் அறிந்த ஒரு பேரரசின் தலைநகர். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழ வேந்தர்கள் அங்கிருந்து ஆண்டனர். அந்நகரின் அரண்மனை இன்று மண்மேடாகிவிட்டது. கோட்டை ஊர்ப்பெயரில் மட்டும் இருக்கின்றது. பெருமானுக்கென்று எடுத்த கோயிலும், மக்களுக்கென்று வெட்டிய ஏரியுமே எஞ்சியிருக்கின்றன. ஏரியும் முழுமையாக எஞ்சவில்லை. கோயிலும் தன் மதிலை இழந்தே நிற்கின்றது. அவ்வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கின்றது.

கங்கை வந்த வரலாறு

தஞ்சையில் இராசராசேச்சரம் எடுத்த முதலாம் இராசராச சோழனின் மகன் முதலாம் இராசேந்திரன். அவன் 1012 இல் தந்தையோடு இளவரசுப் பட்டம் ஏற்று, 1014 முதல் 1044 வரை ஆண்டான். தந்தை விரிவாக்கிக் கொடுத்த நாட்டை அவன் மேலும் விரிவாக்கினான். 1023 ஆம் ஆண்டை ஒட்டி அவனுடைய தண்டநாயகன் கலிங்கம் கடந்து வங்கம் வரை படை நடத்திச் சென்றான். வங்கத்து மகிபாலன் உள்ளிட்ட மன்னர்களை வென்று, கங்கை நீரைக் குடங்களில் நிரப்பிக் கொண்டுவந்தான். மன்னன் கோதாவரிக் கரையில் அப்படையை எதிர்கொண்டான். இச்செய்திகளைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் விரித்துரைக்கின்றன. பகீரதன் தவத்தால் கங்கையைக் கொணர்ந்தான். இவன் தோள்வலியால் கொணர்ந்தான் என்று அவை பெருமிதம் கொள்கின்றன.

மெய்யன்பர்களே! இவ்விடத்தில் நாம் சற்றே நிற்கவேண்டும். படையெடுப்பு என்பது குருதி சிந்தும் செயல். வென்றவன் நாட்டில் முரசு ஒலிக்கும்போது தோற்றவன் நாட்டில் அழுகுரல் ஒலிக்கும். தோற்ற மன்னர்களின் தலையிலேயே கங்கைநீர் ஏற்றிவரப்பட்டது என்று அச்செப்பேடுகள் கூறுவதைப் படிக்கும்போது, அருள்நெறியில் நிற்பவர்க்கு உள்ளம் சிறிது கூசத்தான் செய்யும். அதை மறைத்துப் பேசுவது வரலாறாகாது. ஆனால் அவ்வெற்றியை அம்மன்னன் முடிவில் என்ன செய்தான் என்று காண்பதும் நம் கடமை.

அக்காலத்து வேந்தர்கள் வென்ற இடத்தில் கல்லால் வெற்றித் தூண் நாட்டுவார்கள். இராசேந்திரன் தன் நாட்டில், தன் நகரின் பக்கத்தில், ஒரு மாபெரும் ஏரியை அமைத்து, வந்த கங்கைநீரை அதிற் சேர்த்தான். அதற்குச் சோழகங்கம் என்று பெயர். இந்த ஏரியை நீர்மயமான வெற்றித் தூண் என்று செப்பேடுகள் போற்றுகின்றன. கல்தூண் வென்றவனுடைய புகழை மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கும். நீர்த்தூணோ வயலிற் பாய்ந்து நெல்லாகி, அடுப்பில் ஏறிச் சோறாகி, யார் வென்றார் யார் தோற்றார் என்று கேளாமல் உண்பார் அனைவர் வயிற்றையும் குளிர்விக்கும். போரிற் பிறந்த செருக்கு இங்கே அறமாகக் கனிந்தது. கங்கையின் வேகத்தைத் தன் சடையில் ஏற்று, உலகம் தாங்கும் அளவாக விடுத்த பெருமானுடைய அடியவன் அல்லனோ அவன்! சடை செய்த பணியை இம்மண்ணில் ஓர் ஏரிக்கரை செய்யட்டும் என்று கருதினான் போலும்.

கங்கையிலிருந்து வந்தது நீர் மட்டும் அன்று. திரிலோசன சிவாசாரியார் இயற்றிய சித்தாந்த சாராவளி என்னும் சைவ நூலின் உரை மற்றொரு செய்தியைத் தருகின்றது. இராசேந்திரன் கங்கைக் கரையில் இருந்த சைவ ஆசாரியர்களைத் தன் நாட்டுக்கு அழைத்து வந்து குடியமர்த்தினான் என்பது அது. நீரைக் கொண்டுவந்தவன் ஞானத்தையும் கொண்டுவந்தான். உடலுக்கு ஏரி, உயிருக்கு ஆசாரியர் என இரண்டு ஊற்றுகளை அவன் ஒருங்கே திறந்தான் என்று சைவ உலகம் நன்றியோடு எண்ணத்தக்கது இச்செய்தி.

பதினாறு மைல் கரை

ஏன் அவ்விடத்தில் ஏரி வேண்டியிருந்தது? தஞ்சை காவிரியின் மடியில் இருக்கும் நாடு. கங்கைகொண்ட சோழபுரமோ கொள்ளிடத்துக்கு வடக்கே, வெள்ளாற்றுக்குத் தெற்கே, சற்று மேடான நிலத்தில் அமைந்தது. அங்கே ஆறு தானாக வந்து வயலில் ஏறாது. தலைநகரம் ஒன்று அங்கே வாழவேண்டுமானால், அதன் மக்களும் யானையும் குதிரையும் பருகவும், சுற்றியுள்ள நிலம் விளையவும், நீரை அழைத்து வந்து நிறுத்தி வைக்கவேண்டும்.

அதற்காக எழுந்ததே சோழகங்கம். தெற்கு வடக்காக ஓடிய அதன் கரை 16 மைல் நீளம் என்று 1855 இல் அச்சான ஓர் ஆங்கிலக் குறிப்பு கூறுகின்றது. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட நீளமுள்ள ஒரு வாய்க்காலும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து அதனினும் சிறிய ஒரு வாய்க்காலும் அதற்கு நீர் ஊட்டின என்றும், இரண்டின் சுவடுகளும் அன்று காணக்கிடைத்தன என்றும் அதே குறிப்பு சொல்கின்றது. கரையில் உறுதியான மதகுகள் இருந்தன. ஒரே ஆற்றை நம்பாமல் இரண்டு ஆறுகளை ஓர் ஏரிக்கு அழைத்த மதிநுட்பத்தை எண்ணுங்கள். ஓர் ஆறு பொய்த்த ஆண்டில் மற்றொன்று காக்கும்.

ஏரி வெட்டுவது மன்னன் தொழில்; அதைக் காப்பது குடிகளின் தொழில். சோழர் காலத்து ஊராட்சி இதை நன்கு உணர்ந்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் காப்பதற்கென்றே குடவோலையால் தேர்ந்தெடுத்த ஏரி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. வண்டலை அகற்றுவதும் கரையை உயர்த்துவதும் மதகைச் செப்பனிடுவதும் ஆண்டுதோறும் நிற்காமல் நடக்கவேண்டிய பணிகள். ஏரிக்கும் கோயிலுக்கும் இது பொது. கோயிலுக்கு நித்திய பூசை எப்படியோ, ஏரிக்குத் தூர் வாருதல் அப்படி. நித்தியம் நின்றால் நைமித்திகம் எவ்வளவு ஆரவாரமாக நடந்தும் பயன் இல்லை.

தந்தையினும் தாழ்ந்த விமானம்

இனிக் கோயிலுக்குள் செல்வோம். கிழக்கு நோக்கிய சந்நிதி. பெருமானின் இலிங்கத் திருமேனி ஏறத்தாழ 13 அடி உயரம். அதன்மேல் எழுந்த விமானம் ஏறத்தாழ 180 அடி. தஞ்சை விமானமோ ஏறத்தாழ 216 அடி என்பர். தஞ்சையில் பதின்மூன்று நிலைகள். இங்கே ஒன்பது நிலைகள். தந்தையினும் பரந்த நாட்டை ஆண்டவன், தந்தையினும் பெரிய படை நடத்தியவன், விமானத்தைத் தந்தையின் விமானத்துக்குக் கீழே நிறுத்திக்கொண்டான். உயரத்தைக் குறைத்தானேயன்றி அழகைக் குறைக்கவில்லை. தஞ்சை விமானம் நேர்கோடாக ஏறிச் செல்லும். இது இடையில் உள்வாங்கி நெளிந்து மேலே குவியும். முன்னதை ஆண்மையின் மிடுக்கென்றும் பின்னதைப் பெண்மையின் நளினமென்றும் கலையறிந்தோர் சொல்வார்கள். தந்தைக்குத் தலைதாழ்த்திய மைந்தனின் பணிவு என்று அடியேன் சொல்வேன்.

மற்றொரு பணிவும் அங்கு உண்டு. தஞ்சைக் கோயிலின் சுவர்கள் இராசராசனுடைய கொடைகளை எழுத்தெழுத்தாகப் பேசும். இங்கே, இக்கோயிலை எடுத்தேன் என்று இராசேந்திரன் பொறித்த கல்வெட்டு ஒன்றும் காணப்படவில்லை. சுவரில் உள்ள கல்வெட்டுகளில் பழமையானது அவன் மகன் வீரராசேந்திரன் காலத்தது.

இத்தலம் தேவாரப் பாடல் பெற்ற தலம் அன்று. மூவர் காலத்துக்குப் பின் தோன்றியது. எனினும் ஒன்பதாம் திருமுறையில் இடம் பெற்றது. கருவூர்த் தேவர் தஞ்சை இராசராசேச்சரத்துக்கும் கங்கைகொண்ட சோழேச்சரத்துக்கும் திருவிசைப்பா அருளியிருக்கின்றார். தந்தையின் கோயிலையும் மைந்தனின் கோயிலையும் ஒரே அருளாளர் பாடிய பெருமை இவ்விரு தலங்களுக்கும் உரியது.

கோயிலின் வடபுற வாயிலுக்குப் படியேறும் இடத்தில் இரண்டு சிற்பங்கள் எதிரெதிரே விளங்குகின்றன. ஒன்று கலைமகளின் திருவுருவம். மற்றொன்று சண்டேசர்க்கு அருள் செய்த திருக்கோலம். தென்புறத்தில் ஆடல்வல்லான், அவன் திருவடிக் கீழே தாளமிட்டபடி காரைக்கால் அம்மையார். இவற்றுள் சண்டேசர் சிற்பத்தின் முன் நாம் சற்று நேரம் நிற்கவேண்டும்.

சேய்ஞலூர் விசாரசருமர் கதை நாம் அறிந்தது. மண்ணியாற்றங்கரையில் பசு மேய்த்த சிறுவர் அவர். ஆற்று மணலைக் குவித்துப் பெருமானாக்கி, பசுக்கள் தாமே சுரந்த பாலை அபிஷேகம் செய்தார். சினந்து வந்து பாற்குடத்தை இடறிய தந்தையின் கால், அவர் எடுத்த கோல் மழுவாக மாறியதனால் துணிபட்டது. அக்கணமே பெருமான் உமையம்மையோடு தோன்றி, இனி உனக்கு நாமே தந்தை என்று அருளி, தாம் சூடிய கொன்றை மாலையைச் சிறுவர் தலையில் சூட்டினார். அக்காட்சியைத்தான் சிற்பி வடித்திருக்கின்றான். பெருமான் அமர்ந்திருக்கின்றார், அருகில் அம்மை, கீழே கைகுவித்துத் தலைகுனிந்திருக்கும் சண்டேசர், அவர் தலையில் பெருமானின் திருக்கரங்கள் பூமாலையைச் சுற்றுகின்றன.

மாலை ஏற்று அமர்ந்திருப்பவர் சண்டேசர் வடிவில் இராசேந்திரனே என்று கருதும் அறிஞர் உண்டு. அக்கருத்தை ஏற்பின் அதன் பொருள் பெரிது. நாடு பல வென்று முடி பல கொண்ட மன்னன், தன் தலைக்கு உரிய முடி பகைவரிடமிருந்து பறித்த பொன்முடி அன்று, பெருமான் கையால் சுற்றிய பூமாலையே என்று அறிவிக்கின்றான். அவன் ஏற்றுக்கொண்ட உருவமோ ஆற்றுமணலில் வழிபாடு செய்த, பசு மேய்த்த ஒரு சிறுவனின் தொண்டுக் கோலம். மன்னனின் பெயர் கல்வெட்டில் இல்லாத குறையை இச்சிற்பம் தீர்த்துவிடுகின்றது.

சுற்றிலும் காணத்தக்கவை

கோயிலை வலம் வரும்போது காணத்தக்கவை மேலும் பல. பெருங்கோயிலின் இருபுறமும் வடகைலாயம், தென்கைலாயம் என்னும் சிறு கோயில்கள் உள்ளன. வடகைலாயத்தில் பெரியநாயகி அம்மை நெடிய திருவுருவத்தோடு எழுந்தருளியிருக்கின்றாள். ஒரே கல்லில் தாமரையும் தேருமாக வடித்த நவக்கிரக பீடம் வேறு எங்கும் காண்டற்கரியது. முற்றத்தில் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு அமைத்த பெரிய நந்தி பெருமானை நோக்கிப் படுத்திருக்கின்றது. வடபுறத்தில் சிங்கமுகக் கிணறு. சிங்கத்தின் உடல் வழியாகப் படிகள் கிணற்றுக்குள் இறங்குகின்றன. கங்கைநீரின் ஒரு பகுதி இக்கிணற்றில் ஊற்றப்பட்டது என்பது செவிவழிச் செய்தி. அதனால் ஊரார் அதனைக் கங்கையாகவே போற்றுகின்றனர்.

கோயிலுக்குத் தென்மேற்கே சிறு தொலைவில் மாளிகைமேடு. சோழர் அரண்மனை இருந்த இடம் அது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1980 முதல் சில ஆண்டுகளும், மீண்டும் 2021 முதலும் அங்கே அகழாய்வு நடத்தியது. சுட்ட செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. கடல் கடந்த வாணிகத்தின் சான்றுகள் அவை. அதே மேட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் செங்கல் பெயர்த்து ஊரார் தம் வீடுகளைக் கட்டிக்கொண்டதும் உண்டு. மன்னன் மாளிகை இன்று குடியானவன் வீட்டுச் சுவராகி நிற்கின்றது.

உட்கோட்டை, ஆயுதகளம், மெய்க்காவல்புத்தூர், கடாரங்கொண்டான் என்னும் சுற்றுப்புறச் சிற்றூர்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையும் படைக்கலச் சாலையும் மன்னனின் மெய்காவலர் குடியிருப்பும், 1025 இல் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பும் அப்பெயர்களில் இன்னும் உறைகின்றன. செங்கமேட்டில், கலிங்கத்திலிருந்து கொண்டுவந்த சிற்பங்கள் கிராமக் கோயில் தெய்வங்களாக வழிபடப்பெறுகின்றன. வெற்றியின் அடையாளமாக வந்த தெய்வத்தை அயல்நாட்டுத் தெய்வம் என்று எந்தத் தாயும் அங்கே ஒதுக்கியதில்லை. பகை மன்னர்களோடு போயிற்று; வழிபாடு மக்களிடம் தங்கிற்று.

மேற்கே பொன்னேரி. சோழகங்கத்தில் எஞ்சிய பகுதிக்கு இன்று மக்கள் இட்டு வழங்கும் பெயர் அதுவே. நீர் நிறைந்த காலத்தில் அக்கரையில் நின்று விமானத்தை நோக்கினால், ஏரியையும் கோயிலையும் ஒருசேர நினைத்தவனின் உள்ளம் புலனாகும்.

மதிலை இழந்த கதை

1279 ஆம் ஆண்டோடு மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சி முடிந்து சோழப் பேரரசு மறைந்தது. நாடு பாண்டியர் கைக்குப் போயிற்று. அரசு போனபின் நகர் போயிற்று; காப்பார் இன்றிக் கரையும் போயிற்று. படையெடுத்து வந்தோர் வேண்டுமென்றே ஏரிக்கரையை உடைத்தனர் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்ததையும் 1855 ஆம் ஆண்டுக் குறிப்பு எடுத்துரைக்கின்றது. எவ்வாறாயினும் அக்குறிப்பு எழுதப்பட்ட நாளில் ஏரியின் உள்வாய் முழுதும் அடர்ந்த காடாகியிருந்தது. அக்காட்டின் நடுவே, கரையின் தென்கோடியில், பெருங்கோயிலோடு ஒரு சிறு கிராமம் இருந்தது.

அதற்குச் சிறிது காலம் முன்பு மற்றொரு துயரம் நிகழ்ந்தது. 1836 இல் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். அணைக்குக் கல் வேண்டியிருந்தது. அருகே காட்டில் நின்றது பெருமானின் கோயில். அதன் திருமதில் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. சிற்பங்கள் செதுக்கிய கருங்கற்களும் பெயர்க்கப்பட்டு அணைக்குச் சென்றன.

இதைச் சொல்வது நம்மவர் கட்டிய கதை அன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து 1855 ஆம் ஆண்டுக் குறிப்பே சொல்கின்றது. அவ்வூர் ஏழை மக்கள் திரண்டு நின்று, தம்மால் இயன்றவரை இவ்விடிப்பைத் தடுக்க முயன்றார்கள் என்றும், அரசின் ஆணையை அவமதித்தார்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள் என்றும் அது வெட்கத்தோடு பதிவு செய்கின்றது. இடித்த கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவோம் என்று அரசினர் வாக்களித்தனராம். அக்குறிப்பு எழுதப்பட்ட நாள்வரை அவ்வாக்கு நிறைவேறவில்லை.

அன்பர்களே! அந்த ஏழைகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. மன்னனும் இல்லை, மடமும் இல்லை, படையும் இல்லை. காட்டு நடுவே வாழ்ந்த சில குடிகள், ஈசன் மதிலுக்கு முன் வந்து நின்றார்கள். தோற்றார்கள், தண்டனை ஏற்றார்கள். திருத்தொண்டர் வரலாற்றில் அப்பாலும் அடிச்சார்ந்தார் என்று ஒரு தொகையடியார் கூட்டம் உண்டு. எந்நாட்டவரும் எக்காலத்தவரும் ஆகிய பெயரறியா அடியார்களை எல்லாம் நம் முன்னோர் அத்தொகையில் வைத்து வணங்கினார்கள். அம்மதிலின் முன் நின்ற ஏழைகளையும் அக்கூட்டத்தில் வைத்து இந்நாளில் நாம் வணங்குவோம்.

இனி ஒன்று சொல்வேன், பொறுத்துக் கேளுங்கள். இடித்தவர் செய்தது பிழை. அதில் ஐயமில்லை. ஆனால் கற்கள் சென்ற இடத்தைப் பாருங்கள். அவை எந்த மாளிகைக்கும் போகவில்லை. ஓர் அணைக்குப் போயின. எந்தக் கொள்ளிடத்திலிருந்து இராசேந்திரன் தன் ஏரிக்கு வாய்க்கால் வெட்டினானோ, அதே கொள்ளிடத்தில் நீரைத் தடுத்து நிறுத்தும் பணிக்கு அவன் பெருமானின் மதில் சென்றது. அக்கற்களை ஏற்று எழுந்த கீழணையே வடவாற்றுக்கு நீரைத் திருப்புகின்றது. வடவாறு, முதலாம் பராந்தகன் காலத்து வீரநாராயண ஏரியாகிய வீராணத்தை நிரப்புகின்றது. வீராணத்து நீர் வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 முதல் குழாய் வழியாகச் சென்னை மாநகருக்குக் குடிநீராகவும் செல்கின்றது. சென்னையில் ஒருவர் ஒரு குவளை வீராணத்து நீர் பருகும்போது, கங்கைகொண்ட சோழீச்சரத்துத் திருமதில் செய்த தியாகத்திலும் ஒரு துளி பருகுகின்றார். நஞ்சையே அமுதாக்கிய நீலகண்டன், தனக்கு இழைத்த பிழையையும் பிறர்க்குப் பயனாக்கிக்கொண்டான் என்று எண்ணுகையில் நெஞ்சு நெகிழ்கின்றது.

பெருமானின் கருணை அது. பிழையைப் பிழை அன்று என்று அது ஆக்கிவிடாது. கல்லுக்கு மலை இருந்தது. மதிலைத் தொட்டிருக்க வேண்டுவதில்லை. காப்பார் இல்லாத ஏரியும் காப்பார் இல்லாத கோயிலும் எவர் கைக்கும் எளிதாகும் என்பதே நாம் கற்கவேண்டியது.

நம் கடமை

காலம் மீண்டும் கனிந்திருக்கின்றது. இக்கோயில் 2004 இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. 2017 ஆம் ஆண்டு பிப்ரவரியில், 85 ஆண்டுகளுக்குப் பின் குடமுழுக்குக் கண்டது. 2025 இல், இராசேந்திரன் கடல் கடந்து சென்ற ஆயிரமாவது ஆண்டு ஆடித் திருவாதிரை விழாவாக அங்கே கொண்டாடப்பெற்றது. சோழகங்கத்தைப் புதுப்பிக்கும் பணியையும் அரசு அறிவித்தது. பல ஆண்டுகளாக ஐப்பசி நிறைமதியில் நூறு மூட்டை அளவு அரிசி அன்னமாகி அந்த 13 அடித் திருமேனியை மூடுகின்றது. எங்கெங்கிருந்தோ அடியார்கள் வண்டி வண்டியாகச் சென்று தரிசிக்கின்றார்கள்.

அவ்வடியார்கள் அனைவரும் கோயிலில் அன்னத்தைக் கண்டு, அன்னத்தைத் தந்த ஏரியைக் காணாமல் திரும்பினால், வழிபாட்டில் பாதியை விட்டுவிட்டவர்கள் ஆவார்கள். இது அவ்வூருக்கு மட்டும் உரிய சொல் அன்று. நம் ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு சிவாலயம் இருக்கின்றது. அதன் பக்கத்தில் ஒரு குளமோ ஏரியோ இருக்கின்றது. கோயிலுக்கு வெள்ளையடித்து மின்விளக்குப் போடுகின்றோம். குளத்திலோ விழா முடிந்த மறுநாள் இலைகளையும் குப்பைகளையும் கொட்டுகின்றோம். பெருமான் தீர்த்தமாடும் நீரை மாசுபடுத்திவிட்டு, அவர் திருமுடியில் கங்கை இருக்கின்றாள் என்று பாடுவதில் என்ன பொருள்?

திருவாரூர்த் தண்டியடிகளை நினைந்து பாருங்கள். பிறவியிலேயே கண் இல்லாதவர். திருக்கோயிலின் மேற்கே இருந்த குளம் இடமின்றிக் குறுகுவதை அறிந்து உள்ளம் நொந்தார். குளத்தின் நடுவிலும் கரையிலும் கோல் நட்டு, இரண்டுக்கும் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவித் தடவிக் குளத்தில் இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கரையேறிக் கொட்டினார். எதிர்த்தோர் இகழ்ந்தும் பணியை விடவில்லை. பெருமான் அவருக்குக் கண் கொடுத்தார். அறுபத்து மூவர் வரிசையில் அவருக்கு இடம் தந்தது அந்த மண்கூடையே. திங்களூர் அப்பூதியடிகளோ தண்ணீர்ப் பந்தலும் குளமும் சோலையும் அமைத்து, அவற்றுக்கெல்லாம் திருநாவுக்கரசர் என்றே பெயர் இட்டார். அந்த நாவுக்கரசர் பெருமானும் கையில் உழவாரப் படை ஏந்தியவரே. நீருக்கும் மண்ணுக்கும் செய்யும் பணியைச் சிவபணி என்று நமக்குக் காட்டியவர்கள் நாயன்மார்களே.

கண்ணில்லாத அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளம் வெட்டினார். கண்ணுள்ள நாம் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பது தகுமோ? ஆண்டுக்கு ஒரு நாளேனும் அவரவர் ஊர்க் குளத்தில் இறங்கி ஒரு கூடை வண்டல் எடுப்போம். வரத்து வாய்க்காலை அடைத்திருப்பது நம் வீட்டுச் சுவராயினும் பின்வாங்குவோம். விழாவின் குப்பை நீரில் விழாமல் காப்போம். உழவாரத் திருக்கூட்டங்கள் கோயிலின் உள்ளே செய்கின்ற தொண்டைக் கரைக்கு வெளியேயும் கொண்டுசெல்லட்டும்.

இராசேந்திரன் ஒருவனாக நின்று 16 மைல் கரையை எழுப்பவில்லை. மண் சுமந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர்கள் பெயரையும் எவரும் பொறித்து வைக்கவில்லை. எனினும் அவர்கள் சுமந்த மண் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பொன்னேரிக் கரையாக இருக்கின்றது. மன்னன் மாளிகை மேடாயிற்று. கூலியாள் சுமந்த கூடை கரையாயிற்று. எது நிலைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று உங்கள் கையில் பிரசாதமாக வரும் ஒரு பிடி சோற்றை உண்ணும் முன் ஒரு கணம் கண்மூடுங்கள். அச்சோற்றில் பெருமானின் திருமேனி தீண்டிய குளிர்ச்சி இருக்கின்றது. ஏதோ ஓர் ஏரியின் நீர் இருக்கின்றது. அவ்வேரியைக் காத்த எவரோ ஒருவரின் உழைப்பு இருக்கின்றது. மூவரையும் வணங்கி உண்ணுங்கள். உண்டபின் அவ்வேரிக்கு நீங்கள் என்ன செய்யப்போகின்றீர்கள் என்று உங்களையே கேளுங்கள்.

கங்கையைச் சடையில் தாங்கிய பெருமான் நம் ஏரிகளையும் குளங்களையும் நிறைத்து, நம் உள்ளங்களையும் ஈரமாக்கி அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்